இனவாதம் எங்கே உறைகின்றது?

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் புதிய பாராளுமன்றத்திற் கொள்கையுரை நிகழ்த்திய சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கள், இனவாத அரசியலுக்கு இந்நாட்டில் இனி இடமில்லை என்று உறுதி கூறினார். மூவினத்தாரும் கலந்து வாழும் எமது திருகோணமலை மாவட்டத்திலும் அத்தேர்தலில் அவர் தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியே முதலிடம் பெற்றது. அவ்வுறுதிமொழியை ஐயுறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், இடமில்லையென்று சொல்லப்படும் அப்பொருள் யாது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளாமல், அஃது உண்டென்று ஒருசாராரும் இல்லையென்று மற்றொருசாராரும் வாதிட்டுக்கொண்டிருப்பதாற் பயனில்லை. பெயரில் ஒத்துப் பொருளில் வேறுபடுவார் இருவர் நெடுநாள் வாதிடலாம். முடிவு காண்டல் அரிது.

‘இனம்’ என்பது பழைய சொல். திருக்குறளிற் ‘சிற்றினஞ்சேராமை’ என ஓரதிகாரம் உண்டு. ஆங்கு இனம் என்பது ஒருவன் தானே விரும்பிச் சேரும் கூட்டத்தைக் குறிக்கும். பிறப்பினால் அமைந்த பெருங்கூட்டத்தைக் குறிப்பதன்று. இன்று அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளோ, ஒருவன் விரும்பினும் விரும்பாவிடினும் அவன்மேல் ஏறிநிற்பது. அவ்வாறு ஏறிநிற்கும் ஒன்றைக் கொண்டு அவனை உயர்த்துவதோ தாழ்த்துவதோ இனவாதம் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கருத்து வேற்றுமை தோன்றுவது அடுத்த படியிலேயே.

ஒருசாரார் கூறுவது இது: இனவாதம் மனிதர் உள்ளத்தில் எழும் வெறுப்பு. வெறுப்பவன் ஒருவன் இருந்தாலன்றி இனவாதம் இல்லை. சட்டம் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, அதனை நடத்தும் அலுவலர் மரியாதையோடு நடந்துகொள்ள, அங்கே இனவாதம் உண்டென்பது கற்பனை. மற்றொருசாரார் கூறுவது: வெறுப்பவன் ஒருவனும் இல்லாதவிடத்தும் ஓரினத்தாருக்குத் தொடர்ந்து தீங்கு விளைதல் கூடும்; அத்தீங்கு சட்டத்திலும் விதியிலும் வழக்கத்திலும் தங்கியிருக்கும். இதனையே ‘கட்டமைப்பு இனவாதம்’ என இக்காலத்தார் வழங்குகின்றனர்.

இலக்கணம் கற்றார்க்கு இவ்வேற்றுமை எளிதில் விளங்கும். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவியும் கருத்தாவும் பொருளாதலை மாணாக்கரும் அறிவர். ‘வாளால் வெட்டினான்’ என்புழி வாள் கருவி. ‘கொற்றனால் வெட்டப்பட்டது’ என்புழிக் கொற்றன் கருத்தா. முதலாஞ் சாரார் கருத்தாவைத் தேடுகின்றனர். அவனைக் காணாவிடத்து வெட்டே இல்லை என்கின்றனர். இரண்டாஞ் சாரார் கருவியைச் சுட்டுகின்றனர். அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களை நோக்குமின். ‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது’ என்றே அவை எழுதப்படும். யாரால் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை. கருத்தா தோன்றாத அவ்வாக்கியத்தினாற் கெட்ட குடும்பங்கள் இந்நாட்டிற் பல்லாயிரம்.

இஃது ஏட்டு வாதமன்று. இதே வினா இந்நாட்டின் நீதிமன்றங்களில் எழுந்து இலண்டன் வரை சென்ற வரலாறு உண்டு.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்து வாசிப்பவர், அதில் ‘தமிழர்’ என்ற சொல்லைக் காணமாட்டார். ‘தோட்டத் தொழிலாளர்’ என்ற சொல்லையுங் காணமாட்டார். அச்சட்டம் வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இங்குப் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்றோ காட்டினால் வழிமுறைப் பிரசையாவார் என்பதே விதி. சொல்லளவில் இஃது எல்லோருக்கும் பொது. ஆயின் பிறப்புப் பதிவு செவ்வையாக நடவாத காலத்திற் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் பத்திரம் காட்டும் வகை யாது? அப்பத்திரம் சிங்களக் கிராமத்தவரிடத்தும் இல்லை. எமது கடற்கரைக் கிராமங்களிலும் இல்லை. ஆனால் அவர்களிடம் அதனைக் கேட்டவர் இலர். கேட்கப்பட்டவர்கள் மலையகத் தமிழரே. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரசைகளுக்கே வாக்கு என்றாயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய அம்மக்கள், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர்.

அக்காலத்து அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கு இல்லாத தடையை மற்றொரு சமூகத்தார்மேற் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனத் தடுத்திருந்தது. அப்பிரிவைக் காட்டி எழுந்ததே கோடகன்பிள்ளை வழக்கு. ருவான்வெலைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு அவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அதற்கு இசைந்தார்; உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது; வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1953 இல் அம்மன்று தீர்ப்பளித்தது. நேரே செய்யலாகாத ஒன்றைச் சுற்றுவழியாற் செய்யும் சட்டமும் செல்லாததாகலாம் என்னும் கொள்கையை அம்மன்று ஏற்றுக்கொண்டமை கருதத்தக்கது. ஆயினும், தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் ஒரு நாட்டுச் சட்டசபைக்கு இயல்பான உரிமை என்றும், பிரசாவுரிமை பெறுதற்கு 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் வழி திறந்துள்ளது என்றும் கூறி, வழக்கைத் தள்ளியது. அவ்வழியாற் சென்று விண்ணப்பித்தோரிற் சிறு பகுதியினரே பிரசாவுரிமை பெற்றனர் என்பது பின்னர் கண்ட உண்மை. 1964 இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சி நின்றோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உரிமை கிடைத்தது. 1948 இற்கும் 2003 இற்கும் இடையே 55 ஆண்டுகள். அதற்குள் மூன்று தலைமுறைகள் பிறந்துவிட்டன.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமும் இவ்வாறே. அது சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. எவ்வினத்தாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. 1961 இல் வெளிவந்த திறைசேரிச் சுற்றுநிருபம் ஒன்று, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லையென்றது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் என்பார் தம் ஏற்றத்தை 1962 இல் இழந்து நீதிமன்றம் புகுந்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கமே தீர்த்தது. அரசகரும மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு மாறானது என்றது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்குத் தொடுக்க இயலாது என்று சொல்லி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 இல் பிரிவிக் கவுன்சில், வழக்குத் தொடுக்கலாம் என்றும், மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை உயர் நீதிமன்றமே ஆராய்க என்றும் திருப்பியனுப்பியது. அவ்வாராய்ச்சி நடக்கவில்லை. 1971 இற் பிரிவிக் கவுன்சிலுக்கு முறையிடும் வழி அடைபட்டது. 1972 இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவே இல்லாதொழிந்தது. வினா விடைபெறாமல் நின்றுவிட்டது.

இவ்விரு வழக்குகளிலும் தனிமனிதர் வெறுப்பைத் தேடுவது வேண்டாத வேலை. கோடீஸ்வரனின் ஏற்றத்தை நிறுத்திய மேலதிகாரி அவருக்கு நண்பராகவே இருந்திருக்கலாம். சுற்றுநிருபம் அவர் கையைக் கட்டிவிட்டது. இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கின்றது. அலுவலகத்திலுள்ள ஒவ்வொருவரையும் நல்லவராகவே கருதிக்கொள்வோம். அப்பொழுதும் அத்தீங்கு அவ்வாறே விளையுமா? விளையுமெனின், அது மனிதர் உள்ளத்தில் இல்லை, கருவியில் உள்ளது.

பிற நாடுகளிலும் வாதம் இவ்வழியே சென்றுள்ளது. ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்ற ஸ்டோக்லி கார்மைக்கேல், சாள்ஸ் ஹமில்டன் என்னும் இருவர் 1967 இல் எழுதிய நூலே ‘நிறுவனம்சார் இனவாதம்’ என்ற வழக்கைப் பரப்பியது. 1971 இல் அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம், மின்சாரக் கம்பனி ஒன்று தொழிலாளரிடம் கேட்ட பள்ளிச் சான்றிதழும் தேர்வும் செய்யும் தொழிலுக்குத் தொடர்பற்றனவாய், கறுப்பினத்தவரையே பெரிதும் விலக்கியமையைக் கண்டு, நோக்கம் நல்லதாயினும் விளைவு தீதாயின் சட்டம் அதனைப் பொறாது என்றது. இங்கிலாந்தில் 1993 இற் கொலையுண்ட ஸ்டீவன் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞனின் வழக்கை இலண்டன் பொலிசார் நடத்திய முறையை ஆராய்ந்த மக்பர்சன் ஆணைக்குழு, 1999 இல் அப்பொலிஸ் துறையை நிறுவனம்சார் இனவாதம் உடையதென்று கூறியது. 2021 இல் அதே நாட்டில் வெளிவந்த செவெல் அறிக்கையோ, சிறுபான்மையோர்க்கு மாறாக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஒழுங்கு இன்று அங்கில்லை என்றது. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைக் கவனிக்க. அது மீண்டும் கருத்தாவைத் தேடும் சொல். எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழித்தற்கான 1965 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை நோக்கம், விளைவு என்னும் இரண்டையும் வரைவிலக்கணத்துள் அடக்கியது. இலங்கை 1982 இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆதலின் விளைவை நோக்குக என்பது வெளியார் நம்மேற் சுமத்தும் புதுமையன்று; இந்நாடு தானே ஏற்ற கடமை.

இனி, மறுப்போர் கூற்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். விளைவுகள் வேறுபடும் இடமெல்லாம் இனவாதம் என்றால், உலகில் அதற்கு எல்லையே இல்லையே என்கின்றனர். இது தக்க தடை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எமது நிலாவெளியை அழித்தது. உள்நாட்டு ஊர்களை அது தீண்டவில்லை. அதனை யாரும் பாகுபாடு என்னார். வேற்றுமையைக் கண்டவுடன் குற்றஞ்சாட்டுதல் அறிவன்று. வேற்றுமை எவ்விதியால் விளைந்தது எனத் தேடுதலே அறிவு.

பல்கலைக்கழகத் தரப்படுத்தலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1971 இற் பேராதனை மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர்க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர்க்கு 229 புள்ளிகளும் வெட்டுப்புள்ளியாக விதிக்கப்பட்டன. பொறியியலுக்கு 250, 227. இங்கு அளவுகோல் மொழி. மொழி என்பது இந்நாட்டில் இனத்தின் மறுபெயர். அஃது அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்டப் பங்கீடு வேறொரு தன்மையது. அதனால் யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இடமிழந்தனர். ஆயின் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அரியவாயிருந்த திருகோணமலை, மன்னார், வவுனியா மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்க்கு அதனாலேயே வாயில் திறந்தது. இன்றும் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. திருகோணமலை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. எம் மாணவர் அதனாற் பயன்பெறுகின்றனர். அதனை மறைத்துத் தரப்படுத்தல் அனைத்தும் இனவாதம் என ஒரே சொல்லால் முடித்துவிடல், எமக்குச் சாதகமானதை மட்டும் எண்ணும் கணக்காகும்.

ஆதலின் வரைவிலக்கணம் ஒன்று வேண்டும். எம் கருத்தில் மூன்று கூறுகள் கூடியவிடத்தே கட்டமைப்பு இனவாதம் உண்டெனலாம். ஒன்று, ஒரு விதியோ வழக்கமோ சொல்லளவிற் பொதுவாயினும், அதன் சுமை ஓரினத்தார்மேல் மிகுதியாகவும் தொடர்ந்தும் விழுதல். இரண்டு, அச்சுமைக்குத் தொழிலின் தேவையோ பொதுநன்மையோ தக்க காரணமாகாமை. மூன்று, அச்சுமை எடுத்துக்காட்டப்பட்ட பின்னரும் அவ்விதியை அவ்வாறே நிற்கவிடுதல். இம்மூன்றாவது கூறே பெரிதும் வேண்டப்படுவது. யாருடைய வெறுப்பும் இல்லாமலே விதி பிறந்திருக்கலாம். ஆனால் அதன் தீங்கு அறியப்பட்ட பின்னர் அதனை வைத்திருப்பவர் இருக்கின்றனர். பொறுப்பு அவ்விடத்திலிருந்து தொடங்குகின்றது. அவ்வாறு கொண்டால், ஓரினத்தார் அனைவரையும் குற்றவாளிகளாக்குகின்றீர்கள் என்ற குறையும் நீங்கும். குற்றஞ்சாட்டப்படுவது சிங்கள மக்கள் அல்லர். ஒரு விதியும், அறிந்தும் அதனைத் திருத்தாத அதிகாரமுமே.

இவ்வளவுகோலால் இன்றைய நிலையை அளந்து பார்ப்போம். 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாந் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாகவும் பதிவேடுகளின் மொழியாகவும் விதித்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. 2007 இல், புதிதாக அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றுநிருபம் வந்தது. 1961 இன் சுற்றுநிருபம் ஒரு மொழியினர்மேல் மட்டும் சுமையேற்றியது. 2007 இன் சுற்றுநிருபம் இருசாராரையும் ஒப்பக் கற்கச் சொல்கின்றது. இது மெய்யான முன்னேற்றம். இதனை ஒப்புக்கொள்ள நாம் தயங்கலாகாது.

ஆயினும் நிலாவெளியிலிருந்து குச்சவெளி, புல்மோட்டை நோக்கிச் செல்லும் தெருவோரத்து ஊர்களிலே, மீன்பிடித்தும் வெங்காயம் பயிரிட்டும் வாழும் மக்கள், கொழும்பிலிருந்து வந்த தனிச்சிங்களக் கடிதத்தை ஏந்திக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைவதை இன்றும் காண்கின்றோம். ஆசிரியர் என்ற முறையிற் சிலர் எம்மிடமும் கொண்டுவருவதுண்டு. பதினான்கு நாள்களுக்குள் மறுமொழி வேண்டுமென்று எழுதியிருக்கும். கடிதத்தின் பொருள் விளங்குதற்குள் அந்நாள்களிற் பாதி கழிந்திருக்கும். பொலிஸ் நிலையத்தில் தமிழிற் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவர் தாம் வாசிக்கமாட்டாத ஒன்றின்கீழ்க் கையொப்பமிடும் குறையும் பழையது. தமிழ் தெரிந்த அலுவலரை நியமிக்குமாறு கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு 2011 இலேயே விதந்துரைத்தது. சட்டம் உண்டு, குறை எடுத்துக்காட்டப்பட்டதும் உண்டு, திருத்தமோ முற்றுப்பெறவில்லை. இங்கே யார் யாரை வெறுக்கின்றார்? ஒருவருமில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறுமொழி எழுதாத விண்ணப்பம் தள்ளுண்டு போகின்றது.

இவ்வளவுகோலைப் பிறர்மேல் மட்டும் பிடித்தல் நேர்மையன்று. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தபின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட தமிழர் தமிழராலேயே தடுக்கப்பட்டனர். தடுத்தவர் கூறிய நியாயம் யாது? யார்மேலும் வெறுப்பில்லை, தொன்றுதொட்ட வழக்கம் இது என்பதே. அரசகரும மொழிச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட சமாதானத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாது? 2018 இல் எமது திருகோணமலை நகரத்து இந்துப் பாடசாலை ஒன்றிலே, முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருதல் பாடசாலையின் மரபுக்கு ஒவ்வாது என்று போராட்டம் நடந்தது. அவ்வாசிரியைகள் வேறிடம் அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கமே நியாயம் கண்டது. பாடசாலைக்கு மரபு உண்டு; அம்மரபைப் பேணும் விருப்பமும் தவறன்று. ஆனால் சேலை என்னும் பொதுவிதியின் சுமை யார்மேல் விழுந்தது? கற்பித்தற் றொழிலுக்கு அவ்விதி இன்றியமையாததா? எடுத்துக்காட்டிய பின்னரும் நாம் செய்தது யாது? கோடகன்பிள்ளைக்காகக் கேட்ட கேள்விகளை அவ்வாசிரியைகளுக்காகவும் கேட்க வாயெழாதவர், நீதியை வேண்டுபவர் அல்லர். தம் பங்கை வேண்டுபவர்.

இனவாதத்துக்கு இடமில்லை என்ற சனாதிபதியின் சொல்லை நாம் வரவேற்போம். அச்சொல் மேடைப் பேச்சை மட்டும் கருதியதாயின், மேடைகள் அடங்கியவுடன் அது நிறைவேறியதாகிவிடும். கோடகன்பிள்ளையையும் கோடீஸ்வரனையும் கெடுத்தவை மேடைப் பேச்சுக்கள் அல்ல, சட்டமும் சுற்றுநிருபமும். ஆதலின் அச்சொல் நிறைவேறுவது படிவங்களிலும் இடாப்புகளிலும் பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்திலுமே அறியப்படும். ஒவ்வொரு திணைக்களமும் தன் விதிகளை எடுத்து வைத்து, இதன் சுமை யார்மேல் விழுகின்றது, காரணம் தக்கதா என ஆராய்ந்து, ஆராய்ந்ததை மூன்று மொழிகளிலும் வெளியிடச் சட்டத்தாற் கட்டளையிடுதல் அரசாங்கத்தால் இயல்வதே. கோயிற் பரிபாலன சபைகளும் பாடசாலைச் சங்கங்களும் தம் விதிப்புத்தகங்களை அவ்வாறே எடுத்துப் பார்த்தல் நம்மால் இயல்வது. அதற்கு எந்த அரசாங்கத்தின் கட்டளையையும் நாம் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.